குதிரை தின்ற கடிதம்

என் பக்கத்து வீட்டுக்காரர் முதன்முதலில் ஊளையிட்டபோது நான் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு ஓடினேன். டென்மார்க்கில், ஒடென்சே நகரத்தில் அந்த வரிசை வீட்டுக்கு நாங்கள் குடிவந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. நான் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்பவள். வயதான ஒருவர் தோட்டத்தில் நின்று கழுத்தை நீட்டி நீளமாகக் கத்தினால், பக்கவாதமா நெஞ்சுவலியா என்றுதான் எனக்கு யோசனை போகும். மூச்சு வாங்க வேலியைச் சுற்றி ஓடிப்போய்ப் பார்த்தால், மனுசன் அகன்ற விளிம்புத் தொப்பியும் கூர்மூக்குச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, கையில் கிற்றாரோடு, ரோஜாச் செடிகளுக்குப் பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

"எங்கே நோகிறது?" என்று கேட்டேன்.

"நெஞ்சில்தான். ஆனால் அது பாட்டில் வருகிற நோவு," என்றார்.

டேனிஷ் மொழியில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். பிரதமரும் நீ, பல் வைத்தியரும் நீ. நான் இங்கே எழுதும்போது அதை 'நீங்கள்' என்று திருத்தித்தான் எழுதுகிறேன். எழுபது வயது மனுசனை நீ என்று எழுத என் கை ஓடாது.

அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பத்தாறு வருடம் மஞ்சள் சைக்கிளில் நகரத்துக்கு வெளியே ஒரு பகுதிக்குக் கடிதம் கொடுத்தவர். தனியாக இருந்தார். ஆனால் அதெல்லாம் வெளித்தோற்றம். உள்ளுக்குள் அவர் கௌபாய், தெருவில் நிஜக் குதிரை வந்தால் மட்டும் வீட்டுக்குள் ஓடிவிடுகிற கௌபாய். எங்கள் ஃபூன் தீவில் அவரைப் போல நாற்பது ஐம்பது பேர் இருக்கிறார்கள் என்பதும், அவர்களுக்குக் கவிஞர் வட்டம் ஒன்று இருக்கிறது என்பதும் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அமெரிக்காவில் மாடு மேய்த்தவர்கள் இரவில் நெருப்பைச் சுற்றி இருந்து தூசி, மழை, நல்ல குதிரை, கெட்ட முதலாளி எல்லாவற்றையும் கவிதையாகச் சொன்னார்களாம். அந்த மரபை இவர்கள் ஒரு ஊர் மண்டபத்தில் கோப்பியும் கேக்கும் வைத்துத் தொடர்ந்தார்கள்.

ஒவ்வொரு ஆண்டும் ஆனி மாதம் அவர்களுக்கு ஒரு கூட்டம் நடக்கும். தபால்காரர் அழைத்ததால் நான் மூன்று வருடம் பார்வையாளராகப் போயிருக்கிறேன். அங்கே ஒரு பேருந்து ஓட்டுநர் இருந்தார். கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கிடைக்கும் ஏழு நிமிடத்துக்குள் பாலைவனத்தைப் பற்றி எழுதுவார். பள்ளிக்கூடச் சமையல்காரி ஒருவர், குதிரையில் போய்த் திரும்பி வராத கணவனுக்காக உருகி உருகிப் பாடுவார். அவருடைய கணவன் முன்வரிசையில் இருந்து இரண்டாவது துண்டு கேக் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அந்த மண்டபத்தில் மாட்டின் மடியில் கை வைத்துப் பால் கறந்த ஒரே ஆள் நான்தான். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் இரண்டு மாடு நின்றன. ஒருவர் கவிதை எழுதும் அளவுக்கு அவை ஒருநாளும் நடந்துகொண்டதில்லை.

வட்டத்தின் தலைவர் ஒரு பல் வைத்தியர். அவரும் ஓய்வுபெற்றவர். உயரமான, நல்ல மனுசன். அவரிடம் ஒரே ஒரு பாட்டுத்தான் இருந்தது. அதை ஒவ்வொரு வருடமும் பாடுவார், ஒவ்வொரு வருடமும் எல்லாரும் அழுவார்கள். இருபது வயதில் அவர் அமெரிக்காவில் ஒரு பண்ணைக்கு வேலை கேட்டு எழுதினாராம். அந்தக் கோடை முழுவதும் தினமும் காலையில் வீட்டு வாசல் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். பதில் வரவேயில்லை. அதனால் பற்களுக்குப் போய்விட்டார். பாட்டின் மூன்றாவது அடியில் ஒரு இளம் தபால்காரர் வருவார். நல்லவர், தினமும் காலையில் துக்கத்தோடு தலையை ஆட்டி "இன்றைக்கு இல்லை" என்பார். அந்த இடத்தில் மண்டபமே திரும்பி எங்கள் தபால்காரரைப் பாசத்தோடு பார்க்கும். ஏனென்றால் அது இவர்தான்.

எங்கள் ஆள் மட்டும் அந்தப் பாட்டு தொடங்கியதும் எழுந்து வெளியே போய் வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பொறாமை என்று நினைத்தேன். கவிஞர்கள் அப்படித்தான். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் நான் பார்க்காத பொறாமையா?

சங்கத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் எனக்கு இரத்தம் கொதிக்கும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், இல்லையென்றால் நான் பிறகு செய்த வேலை விளங்காது. வருடாந்த விழாவில் ஒரு கவியரங்கு உண்டு. இருபது வருடமாக நானும் அதில் இருக்கிறேன். காலையில் வாசலில் நின்று பன்னீர் தெளிக்க வேண்டும், சந்தனமும் கற்கண்டும் நீட்ட வேண்டும். என் கவிதை ஐந்து ஆண் கவிஞர்களுக்குப் பிறகு, கடைசியில். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் என்று தாளில் போட்டிருப்பார்கள். முதலாமவர் எழும்புவார். தமிழ்த்தாய்க்கு வணக்கம், தலைவருக்கு வணக்கம், பிரதம விருந்தினருக்கு, அவருடைய துணைவியாருக்கு, தாய்மாருக்கு, மழலைகளுக்கு வணக்கம். அது முடிய அவையடக்கம்: தான் ஒரு தூசு, தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஆறு நிமிடம் சொல்வார். பிறகு கவிதை. ஒவ்வொரு அடியும் இரண்டு தரம். சபை "ஆகா" என்றால் மூன்று தரம். ஐவரும் இப்படி முடித்துவிட்டு இறங்கும்போது சோறு ஆறிவிடும். அமைப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்து "நேரம் போதாமையால் சகோதரி தன் கவிதையைச் சுருக்கமாக..." என்பார். ஒரு வருடம் நான் தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு இறங்கினேன். அதற்கும் கைதட்டினார்கள்.

"வணக்கம் சொல்லியே கவிதையைக் கொல்லுறாங்கள்," என்று காரில் வரும்போது கணவரிடம் கத்துவேன்.

"ஓமப்பா, ஓம். பெல்ட்டைப் போடும்," என்பார் அவர்.

சரி, தபால்காரருக்கு வருவோம். போன குளிர்காலத்தில் அவருக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்தது. உயிர் தப்பினார், குரல் தப்பவில்லை. வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வந்தது. ரோஜாச் செடிகளுக்கு என்ன தோன்றியதோ தெரியாது, நான் ஜன்னலைத் திறந்து வைத்துக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் எத்தனை தரம் சத்தம் என்று முறைப்பட்டவள்! அதே காலத்தில்தான் இந்த நாட்டில் வீடு வீடாகக் கடிதம் கொடுக்கிற தபால் சேவையையும் நிறுத்தினார்கள். தெருவில் நின்ற சிவப்புப் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அவரிடம் ஒரு இழுப்பறை நிறைய எழுதாத தபாலட்டைகள் இருந்தன. இனி அவற்றை என்ன செய்வது? பேசுவதற்கு வைத்துக்கொண்டார்.

நாங்கள் ஏதாவது கேட்டால் ஒரு அட்டையில் பதில் எழுதுவார். எழுதியதைக் காட்டமாட்டார். எழுந்து வந்து, சற்றுக் குனிந்து, கையில் தருவார். "கோப்பி வேண்டுமா?" என்று கேட்டால் கோப்பன்ஹேகன் கடற்கரைப் படத்துக்குப் பின்னால் "பால் இல்லாமல்" என்று எழுதித் தருவார். என்னிடம் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய அவருடைய பேச்சு இருக்கிறது.

இளவேனிலில் ஒருநாள் அவர் ஒரு அட்டையும் இரண்டு தாள்களும் கொண்டுவந்தார். அட்டையில் "இதைக் கூட்டத்தில் நீங்கள் வாசிக்க வேண்டும்" என்று இருந்தது. தாள்களில் ஒரு கவிதை. நான் குசினியில், அடுப்புக்கு முன்னால் நின்றபடியே வாசித்தேன். வாசித்து முடிந்ததும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன்.

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் கோடை. பையில் ஒரு கடிதம், மேட்டில் இருந்த செங்கல் வீட்டுக்கு. அமெரிக்க முத்திரை. உறையின் மூலையில் ஒரு குதிரைத் தலை அச்சிட்டிருந்தது. அப்போதே கௌபாய்ப் பைத்தியம் பிடித்திருந்த இவர், அந்த உறையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே சைக்கிளை உருட்டியிருக்கிறார். வழியில் ஒரு வேலிக்கு மேலால் நிஜக் குதிரை ஒன்று தலையை நீட்டியது. இவர் தடவிக்கொடுக்கக் கிட்டப் போனார். குதிரை கடிதத்தைப் பிடுங்கித் தின்றுவிட்டது. முத்திரை, குதிரைத் தலை எல்லாம் சேர்த்து. இவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வாயை மூடிக்கொண்டார். அடுத்த நாள் படலையில் நின்ற இளைஞன் "அமெரிக்காவிலிருந்து ஏதாவது?" என்று கேட்டபோது, "இன்றைக்கு இல்லை" என்று தலையை ஆட்டினார். கோடை முழுக்க ஆட்டினார்.

குதிரை வந்தால் அவர் ஏன் வீட்டுக்குள் ஓடுகிறார், பாட்டு வந்தால் ஏன் வெளியே ஓடுகிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

"நேரே அவருடைய வீட்டுக்குப் போய்ச் சொன்னால் என்ன?" என்று கேட்டேன்.

அட்டை: "நாற்பது வருடமாகப் போகிறேன். அழைப்பு மணி வரைக்கும்தான் போகிறேன்."

"இப்போது மட்டும் ஏன்?"

அவர் நிறைய நேரம் எழுதினார். "குரல் இருந்தபோது பயந்தேன். இலையுதிர்காலத்தில் தொண்டையைத் திரும்பவும் பார்க்கப் போகிறார்கள். அதற்கு முன் இது அவருக்குப் போய்ச் சேர வேண்டும். நீங்கள் மேடை ஏறிப் பழகியவர்."

அந்தக் கடைசி வசனம்தான் என்னைக் கவிழ்த்தது. நான் எத்தனையோ மேடை கண்டவள் என்று அவரிடம் அளந்திருந்தேன். பன்னீர்ச் செம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பயிற்சி. கணவர் கைத்தொலைபேசியில் நேரம் பிடித்தார். மூன்று நிமிடம் நாற்பது செக்கன். அங்கேயும் ஒருவருக்கு ஐந்து நிமிடம்தான். ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து வாசித்தேன். ஒவ்வொரு நாளும் மூன்று நாற்பது. ஓகூஸ் நகரத்திலிருந்து மகள் தொலைபேசியில் நான் என்ன உடுக்கப்போகிறேன் என்று விசாரித்தாள். பட்டுச்சேலையும் கௌபாய்த் தொப்பியும் என்றேன். "நை, மோர்!" என்று டேனிஷில் அலறினாள், வேண்டாம் அம்மா என்று. அவளுக்கு அம்மா என்று கூப்பிடத் தெரியும், அவசரத்துக்குத்தான் வராது.

கூட்ட நாள் நல்ல வெயில். மண்டபத்துக்கு வெளியே, படம் எடுப்பதற்காக யாரோ இரண்டு மட்டக்குதிரைகளைக் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். தபால்காரர் குசினிப் பக்கத்தால் உள்ளே வந்தார். சுவரில் நிகழ்ச்சி நிரல் நிமிடக் கணக்கில் ஒட்டப்பட்டிருந்தது. பதினான்கு பத்துக்குத் தபால்காரரின் கவிதை, வாசிப்பவர் அயலவர். பதினான்கு பதினைந்துக்குத் தலைவரின் பாட்டு. அதற்குப் பிறகு கோப்பி.

பாட முடியாத தபால்காரருக்கு வட்டத்தார் மனம் நோகாமல் ஒரு பதவி கொடுத்திருந்தார்கள், நேரக்காப்பாளர். முன்னால் ஒரு சின்ன மேசை, அதில் ஒரு கடிகாரம், அவருடைய பழைய சைக்கிளிலிருந்து கழற்றிய மணி. ஐந்து நிமிடம் ஆனதும் அடிப்பார். காலையிலிருந்து அவர் யாரையும் விடவில்லை. சமையல்காரியின் கணவன் குதிரையிலிருந்து விழுந்துகொண்டிருந்தபோதே அடித்தார். பேருந்து ஓட்டுநரைப் பாலைவனத்தின் நடுவில் தண்ணீர் இல்லாமல் இறக்கிவிட்டார். எல்லாரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். விதி என்றால் விதி.

என்னைக் கூப்பிட்டார்கள். சேலையைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினேன். முன்னால் ஒலிவாங்கி. அதற்கு அப்பால் ஐம்பது தொப்பி. ஐம்பது தொப்பியும் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தன. எனக்கு முன்னால் யாரும் நேரத்தைத் தின்றுவிடவில்லை. சோறு ஆறவில்லை. என் இருபது வருடத்தில் அப்படி ஒரு சபை எனக்குக் கிடைத்ததில்லை.

வாய் தானாகத் திறந்தது.

"மாண்புமிகு தலைவர் அவர்களே," என்று டேனிஷில் தொடங்கினேன். தலைவர் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். மூத்த கவிஞர்களுக்கு வணக்கம் சொன்னேன். இளைய கவிஞர்களுக்கு, அதாவது அறுபது வயதுக்காரருக்கு, வணக்கம் சொன்னேன். கேக் சுட்ட கைகளை வணங்கினேன். வெளியே நின்ற மட்டக்குதிரைகள் இரண்டையும் விடவில்லை. பிறகு அவையடக்கம். "கயிறு எறியத் தெரியாதவள், சேணம் பூட்டத் தெரியாதவள், உங்கள் முன்னால் நிற்கத் தகுதியே இல்லாத சின்னப் பெண் நான்" என்றேன்.

எங்கள் சபையில் இதற்கு ஒருவரும் கண் இமைக்கமாட்டார்கள். இவர்கள் நம்பிவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா எழும்பி "அப்படிச் சொல்லாதீர்கள், நீங்களும் எங்களைப் போலத்தான்!" என்று கத்தினார். இன்னொருவர் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்து என் தோளைத் தடவினார். யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். எனக்குத் தலை கால் தெரியவில்லை. அவையடக்கத்தில் இன்னும் இரண்டு வரி கூட்டினேன்.

பிறகு கவிதைக்கு வந்தேன். ஒவ்வொரு அடியும் இரண்டு தரம்.

"முப்பத்தாறு வருடம் சவாரி போனேன்,
என் குதிரைக்குப் புல் தேவைப்படவில்லை.
முப்பத்தாறு வருடம் சவாரி போனேன்..."

டிங்.

முதலில் யாரோ வெளியே சைக்கிளில் போகிறார்கள் என்று நினைத்தேன். பார்த்தால், தபால்காரர். கை மணியில் இருந்தது. முகம் சுண்ணாம்பு பூசினமாதிரி வெளுத்திருந்தது. அடிக்காமல் விட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் காலையிலிருந்து அத்தனை பேருக்கும் அடித்தவர் தனக்கு மட்டும் எப்படி அடிக்காமல் விடுவார்? தன்னுடைய கவிதைக்கே அடித்துவிட்டார்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் போதும் என்று இருந்தது. கடிதம் பையிலிருந்து வெளியே வரவில்லை. குதிரை வேலிக்கு மேலால் தலை நீட்டவில்லை. நாற்பது வருடம் அந்த மனுசன் விழுங்கிக்கொண்டு திரிந்ததை, சொல்லச் சொல்லி என் கையில் தந்தார். நான் மட்டக்குதிரைக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு நின்றேன். இருபது வருடம் காரில் இருந்து யாரைத் திட்டினேனோ, அந்த ஐந்து பேரும் சேர்ந்த ஆளாக மேடையில் நின்றது நான்தான். பின்வரிசையில் கணவர் தலையில் கை வைத்திருந்தார்.

பல் வைத்தியர் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு மேடைப் படிக்கு வந்துவிட்டார். சமையல்காரி கைக்குட்டையைத் தயாராக எடுத்தார். நான் இறங்கவில்லை.

"உங்களுடைய ஐந்து நிமிடத்தை எனக்குத் தாருங்கள்," என்றேன்.

"ஆனால் என் பாட்டு? கடிதப் பாட்டு?"

"இதுவும் அந்தக் கடிதம்தான்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, சின்ன மேசையில் தலை குனிந்து இருந்த நேரக்காப்பாளரைப் பார்த்தார். கிற்றாரைச் சுவரில் சாத்திவிட்டு மேடைப் படியிலேயே இருந்தார்.

"வணக்கம் இல்லாமல்," என்றார்.

சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. முதல் அடியிலிருந்து வாசித்தேன், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தரம். நாய்கள் வரும் இடத்தில் சிரித்தார்கள். எதிர்க்காற்று வரும் இடத்தில் சிரித்தார்கள். உறையின் மூலையில் குதிரைத் தலை வந்தபோது சிரிப்பு நின்றது. குதிரை கடிதத்தைத் தின்றபோது பேருந்து ஓட்டுநர் மட்டும் பழக்கத்தில் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார். கடைசி அடிகள் இவை:

"படலையில் நின்றவன் கேட்டான், ஏதாவது உண்டா?
இன்றைக்கு இல்லை என்றேன்.
அன்றைக்கு இருந்தது.
நான் கொண்டுவந்து தராத ஒன்றே ஒன்று அதுதான்."

மூன்று நிமிடம் நாற்பது செக்கன். மிச்சம் ஒரு நிமிடம் இருபது செக்கன் இருந்தது. அந்த நேரம் தலைவருடையது. அதனால் ஒருவரும் கைதட்டவில்லை, கதிரையைக்கூட அசைக்கவில்லை. தபால்காரரின் விரல் மணியில், கண் கடிகாரத்தில்.

பல் வைத்தியர் படியில் இருந்தபடியே, திரும்பாமல் கேட்டார். "தடித்த கடிதமா, மெல்லியதா?"

தபால்காரர் ஒரு அட்டையை எடுத்து எழுதினார். எழுதிவிட்டு எழும்பினார். காலையிலிருந்து அசையாத மனுசன் மண்டபத்தின் நடுவால் நடந்து போய், சற்றுக் குனிந்து, அட்டையை அவருடைய கையில் கொடுத்தார். நான் கிட்ட நின்றபடியால் எழுத்து தெரிந்தது. "மெல்லியது. மன்னிக்கவும்."

பல் வைத்தியர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சபைக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். "மெல்லியதாம். வேண்டாம் என்று சொல்ல ஒரு தாள் போதும்." யாரும் சிரிக்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அதோடு எனக்குக் குதிரை ஒத்துக்கொள்ளாது. கிட்டப் போனாலே தும்மல், வீக்கம், மூச்சு முட்டும். அந்தப் பண்ணைக்குப் போயிருந்தால் ஒரு கிழமையில் என்னைப் புதைத்திருப்பார்கள். நண்பரே, அந்தக் குதிரை என் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது."

மண்டபம் அப்படியே வெடித்தது. தொப்பிகள் மேலே பறந்தன. சமையல்காரி சிரித்துக்கொண்டே அழுதார். தபால்காரர் நடுவில் நின்று தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார், சத்தமே இல்லாமல். பிறகு திடீரென்று ஞாபகம் வந்து மேசைக்கு ஓடி மணியை அடித்தார். இருபது செக்கன் பிந்திவிட்டது. அந்த ஒரு தரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கோப்பி நேரத்தில் எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கவிதையைவிட அந்த அவையடக்கம் பிரமாதம் என்று மூன்று பேர் சொன்னார்கள். கணவர் ஒரு துண்டு கேக்கோடு வந்து, "உம்மட மூண்டு நாப்பது எங்கை போனது?" என்று கேட்டார். கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று மண்டபத்துக்குப் பின்பக்கம் போனேன்.

அங்கே வேலியில் மட்டக்குதிரைகள் நின்றன. அவற்றில் ஒன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பிடரிக்குள் முகத்தைப் புதைத்தபடி பல் வைத்தியர் நின்றார். தொப்பி புல்லில் கிடந்தது. நான் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். முதுகு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. ஒரு தும்மல்கூட வரவில்லை.

வந்த வழியே, சேலை சரசரக்காமல் திரும்பினேன்.

அடுத்த நாள் காலை எங்கள் கதவுத் துவாரத்தால் ஒரு அட்டை விழுந்தது. இந்த நாட்டில் இப்போது கதவுத் துவாரத்தால் காற்றுத்தான் வரும், அதனால் ஓடிப்போய் எடுத்தேன். ஒரு பக்கம் ஒடென்சே ஆற்றுப் படம். மறுபக்கம் ஒரே ஒரு கேள்வி.

"அவருக்கு உண்மையாகவே குதிரை ஒத்துக்கொள்ளாதா?"

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தேநீர் ஆறும்வரை இருந்தேன். பிறகு அதே அட்டையில், அவருடைய எழுத்துக்குக் கீழே எழுதி, வேலியைச் சுற்றிப் போய், அவரைப் போலவே சற்றுக் குனிந்து கையில் கொடுத்தேன்.

"ஓம். நேற்றுப் பின்னேரம் நான் பார்த்தேன், கண்ணெல்லாம் சிவந்து போயிருந்தது."